கைவலியும் ஒலிப்பெட்டியும்



வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்தை யாருக்கும் காட்டுவதில்லை. புதுமனை புகுவிழாவுக்கு வருகின்றவர்களும் அதைப் பற்றி விசாரிப்பதில்லை. ஆயினும் சுவரும் கூரையும் நிற்பது அதன்மேல்தான். இசைக் குழுவிலும் அத்தகைய கருவி ஒன்று உண்டு. பேஸ் கிட்டார் என்பது அதன் பெயர். பாட்டைக் கேட்பவர் பாடகரின் குரலை நினைவில் கொள்வார். குழலையும் வயலினையும் நினைவில் கொள்வார். அடியில் நான்கு தந்திகளால் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு செல்பவரை மறந்துவிடுவார். இளையராஜா இசையமைத்த திரைப்பாடல் ஒன்றை அடுத்த முறை கேட்கும்போது, மற்றவற்றையெல்லாம் விட்டு, அடியில் ஓடும் மந்தர ஒலியை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். பாட்டுக்குள்ளே இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருப்பது புலப்படும்.

அந்தக் கருவியை என் கல்லூரி நாட்களில் நான் வாசித்தேன். அதற்கென ஓர் ஒலிப்பெட்டியை என் கையாலேயே செய்தேன். பின்னர், அதே கை எழுதுகோலைப் பிடிக்கவும் இயலாத நிலைக்கு வந்தது. கருவி, பெட்டி, கை ஆகிய இம்மூன்றுக்கும் உள்ள உறவை நான் மிகவும் காலந்தாழ்த்தித்தான் அறிந்துகொண்டேன். நீங்கள் முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இன்று அதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் கருவியின் கதையைக் கேளுங்கள். மேலைநாட்டு இசைக் குழுக்களில் மந்தர ஸ்தாயியைத் தாங்கும் பொறுப்பு நெடுங்காலமாக டபிள் பேஸ் என்னும் கருவியிடம் இருந்தது. உருவத்தில் அது வயலினுக்கு மூத்த அண்ணன். ஆள் உயரத்துக்கும் மேற்பட்டது. அதன் தந்தி ஏறத்தாழ 42 அங்குல நீளம் இருக்கும். ஊர் ஊராகச் செல்லும் குழுவினர் அதை வண்டியில் ஏற்றி இறக்குவதற்குள் களைத்துப் போவர். இவ்வளவு பெரிய உடல் இருந்தும் அதன் குரல் மேடையில் எடுபடவில்லை. எக்காளங்களும் முரசுகளும் முழங்கும் இடத்தில் அது அமுங்கிப்போயிற்று. அதற்கு மெட்டுகளும் இல்லை. ஆகவே விரல் ஒரு நூலிழை தவறினாலும் சுருதி பிசகும்.

இக்குறைகளைத் தீர்க்க 1930களிலேயே முயற்சி தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தைச் சேர்ந்த பால் டுட்மார்க் என்பவர், கிட்டாரைப் போல ஏந்தி வாசிக்கத்தக்க மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை. பின்னர் 1951-ஆம் ஆண்டில், கலிபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் கருவியை வெளியிட்டார். ‘பிரிசிஷன்’ என்றால் துல்லியம் என்று பொருள். நம் வீணையில் இருப்பது போல மெட்டுகள் பொருத்தப்பட்டிருந்தமையால் சுருதி துல்லியமாக விழும், அதனால் அப்பெயர். தந்தியின் நீளம் 34 அங்குலமாகக் குறைந்தது. இந்த ஃபெண்டர், வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் என்பதை அறிந்தால் நீங்கள் வியப்பீர்கள். வாசிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? வாசிப்பவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார். அவருடைய முதற்கருவியின் விளிம்புகள் பலகையைச் செவ்வையாக அறுத்தெடுத்தது போல் இருந்தன. முன்கை படியும் இடத்திலும் விலா எலும்பு படியும் இடத்திலும் அவை உறுத்தின. 1954-இல் அவ்விடங்களைச் சரிவாகச் செதுக்கி, உடலுக்கு இசைந்த வடிவம் தந்தார்கள். மனிதன் கருவிக்கு வளைவதா, கருவி மனிதனுக்கு வளைவதா என்ற கேள்விக்கு அன்று கிடைத்த நல்ல விடை அது.

கருவி சிறிதாயிற்று. ஆனால் மந்தர ஒலி சிறிதாகவில்லை. இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் சற்று மிகுதி. ஒரு பேருந்தின் நீளத்தோடு ஒப்பிடத்தக்கது. இத்தகைய அலையை எழுப்ப வேண்டுமானால் ஏராளமான காற்றைத் தள்ள வேண்டும். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு ஒரு குறிப்பிட்ட வலிமையில் ஒலிக்கிறது என்று கொள்வோம். அதே வலிமையில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதற்கு அது நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைய வேண்டும். போதாதற்கு நம் செவியும் தாழ்ந்த ஒலிக்கு மந்தமானது. அமெரிக்காவில் ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதை நன்கு விளக்கிக் காட்டியது. நடுத்தரமான ஒலி மெல்லியதாக இருந்தாலும் நமக்குக் கேட்கும். மந்தர ஒலியோ பன்மடங்கு வலிமையோடு வந்தால்தான் செவி அதை ஏற்கும்.

டபிள் பேஸ் தன் பெரிய மரவுடலால் காற்றை அசைத்தது. ஃபெண்டரின் கருவியோ உட்குடைவு இல்லாத ஒரு கட்டை. அப்படியானால் அந்தப் பெரிய உடல் எங்கே போயிற்று? அது வாசிப்பவரின் தோளைவிட்டு இறங்கி, அவருக்குப் பின்னால் ஒலிப்பெட்டியாகப் போய் நின்றது! 1952-இல் அதே நிறுவனம் ‘பேஸ்மேன்’ என்னும் பெட்டியை 15 அங்குல ஒலிபெருக்கியுடன் வெளியிட்டது இந்தக் காரணத்தால்தான். ஆகவே பேஸ் கிட்டார் என்பது இரண்டு துண்டாக உள்ள ஒரே கருவி என்று கொள்வதே பொருந்தும். ஒரு பாதி கையில் இருக்கிறது. மறுபாதி தரையில் இருக்கிறது. இந்த உண்மையை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இது பயன்படும்.

கடையில் விற்ற பெட்டியை எல்லோராலும் வாங்க இயலுமா? இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்து இளைஞர்கள் 1960களின் தொடக்கத்தில் இதே துன்பத்தை அடைந்தார்கள். அங்கே ‘பிக் திரீ’ என்னும் குழுவில் கிட்டார் வாசித்த ஏட்ரியன் பார்பர், 15 அங்குல ஒலிபெருக்கியை வைத்து உயரமான பெட்டிகளைத் தாமே செய்தார். பார்ப்பதற்குச் சவப்பெட்டி போல் இருந்தமையால் அவற்றுக்குச் ‘சவப்பெட்டி’ என்றே பெயர் வந்துவிட்டது. அதில் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தியவர் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. அவர் கையில் இருந்ததோ வயலின் உருவமும் உள்ளே வெற்றிடமும் கொண்ட, மிக இலேசான ஹோஃப்னர் பேஸ். கையில் இலேசான கருவி. பின்னால் கனத்த பெட்டி. பாரத்தைச் சுமக்க வேண்டியது எதுவோ அது சுமந்தது, விரல் விளையாடியது.

இனி என் பெட்டிக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்தது 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்று. ஆம்பிளிபயர் என்னும் மின்பெருக்கியோடு அதை இணைத்து, மேசைமேல் வெறுமனே நிறுத்தி வாசித்துப் பார்த்தேன். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதைப் போல மெலிந்த ஒலியே வந்தது. காரணம் மிக எளியது. கூம்பு முன்னோக்கித் தள்ளும்போது எதிரே காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்னே காற்று விரிகிறது. தாழ்ந்த ஒலியில், முன்னே நெருங்கிய காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னே ஓடி அந்த வெறுமையை நிரப்பிவிடுகிறது. ஒரு கை ஈட்டியதை மறு கை செலவழிப்பது போல, ஒலி பிறக்கும்போதே மடிகிறது. இரண்டையும் பிரித்து வைக்க ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவரே பெட்டி.

உடனே மெல்லிய சாமான் பெட்டி ஒன்றின் பலகைகளைப் பிரித்து, ஆணி அடித்து ஒரு பெட்டி செய்தேன். அது ஒலித்ததைக் காட்டிலும் நடுங்கியதே மிகுதி. எங்கள் தெருவில் இருந்த முதிய தச்சர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. ஓர் ஊதுபத்தியை ஏற்றி வரச் சொன்னார். நான் தாழ்ந்த தந்தியை மீட்ட, அவர் ஊதுபத்தியைப் பெட்டியின் மூட்டுகளின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். நேராக எழுந்த புகை, சில இடங்களில் வெட்டி வெட்டி ஆடியது. “தம்பி, இங்கெல்லாம் உங்கள் பெட்டி மூச்சு விடுகிறது” என்றார். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நான் கற்ற பாடங்களில் எதுவும் அந்த ஊதுபத்தியைப் போல என் மனத்தில் பதிந்ததில்லை.

அவர் மேற்பார்வையில் இரண்டாவது பெட்டி உருவாயிற்று. 18 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகை வாங்கினோம். உட்புறம் 50 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம். பெருக்கிப் பாருங்கள், 60 லிட்டர் காற்று. மூட்டுகளுக்குப் பசை தடவித் திருகாணி முடுக்கினோம். எதிரெதிர்ப் பலகைகள் நடுங்காதிருக்க நடுவே ஒரு குறுக்குச் சட்டம் வைத்தோம். உட்சுவர்களில் பஞ்சு ஒட்டினோம். பிறகு மீண்டும் ஊதுபத்தி. இம்முறை புகை அசையவில்லை.

பெட்டியை முற்றிலும் மூடாமல், அளவறிந்து ஒரு துளையும் குழலும் வைக்கும் முறையும் உண்டு. வெறும் புட்டியின் வாயில் ஊதினால் ஓர் ஒலி எழுகிறதல்லவா? அதில் நீர் ஊற்ற ஊற்றச் சுருதி ஏறுகிறதல்லவா? உள்ளிருக்கும் காற்றின் அளவும் வாயின் அளவும் சேர்ந்து சுருதியை முடிவு செய்கின்றன. துளையுள்ள பெட்டிக்கும் அதே நியதிதான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் என்னும் பொறியாளர் 1961-இல் இதற்கான கணக்கை வகுத்து எழுதினார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். இன்று ஒலிபெருக்கியோடு வரும் தாளில் இவ்விருவர் பெயரால் சில எண்கள் அச்சிட்டிருக்கும். அந்த எண்களைப் பாராமல் துளை போடுகிறவர், உடல் அளவு எடுக்காமல் சட்டை தைக்கிறவரே ஆவார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறிய பெட்டி, மிகத் தாழ்ந்த ஒலி, குறைந்த மின்சாரத்தில் பேரொலி ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற இயலாது. இரண்டைப் பெற்றால் மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இது இயற்கை விதித்த வரி. பெட்டி செய்ய விரும்பும் உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: மரவேலை உங்களுடையதாக இருக்கட்டும், மின்பெருக்கியின் உட்புறத்தைத் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் உயிருக்கு ஊறு செய்யும் மின்னேற்றம் அதனுள் தங்கியிருக்கக்கூடும்.

என் பெட்டி நன்றாகவே ஒலித்தது. கல்லூரி ஆண்டு விழாவுக்காக மூன்று வாரம் நாள்தோறும் ஒத்திகை நடந்தது. மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்தவர்கள் மந்தர ஒலியைப் புகழ்ந்தார்கள். ஆனால் பெட்டிக்கு இரண்டடி தொலைவில் நின்ற எனக்கோ நான் வாசிப்பது தெளிவாகக் கேட்கவில்லை. ஏதோ உறுமல் மட்டும் கேட்டது. என்ன செய்தேன்? தந்தியை மேலும் ஓங்கி மீட்டினேன். நாளுக்கு நாள் விரலின் வேகமும் அழுத்தமும் கூடின. இரண்டாம் வாரம் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையில் ஒரு வலி தோன்றியது. அதை உழைப்பின் அடையாளம் என்று எண்ணிப் பெருமைப்பட்டேன். நண்பர்களே, அந்தப் பெருமையைப் போன்ற அறியாமை வேறில்லை.

அடுத்த மாதம் பருவத் தேர்வு. முதல் நாள் இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் என் விரல்கள் எழுதுகோலை விட்டுவிட்டன. குனிந்து எடுத்து மீண்டும் பிடித்தேன், மீண்டும் நழுவியது. எஞ்சிய நேரத்தை, விடை தெரிந்த வினாக்களைப் பார்த்தபடியே கழித்தேன். அன்று நான் அடைந்த அச்சத்தை இன்றும் மறக்கவில்லை. மருத்துவர் ஓய்வு கொள்ளச் சொன்னார். ஓய்வு கொண்டேன், வலி குறைந்தது. வாசித்தேன், திரும்பி வந்தது. இனி இக்கருவியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

தாம் செய்வித்த பெட்டி எப்படி ஒலிக்கிறது என்று கேட்க ஒருநாள் அந்தத் தச்சர் வந்தார். நான் செய்தியைச் சொன்னேன். “ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள் தம்பி, போதும்” என்றார். வாசித்தேன். அவர் என் கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

“பெட்டி உங்கள் முழங்காலோடு பேசுகிறது. முழங்காலுக்குக் காது உண்டா?”

எனக்கு விளங்கவில்லை. அவர் பெட்டியைத் தூக்கி ஒரு பெஞ்சின்மேல் வைத்து, முன்பக்கத்துக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகி, அதன் முகம் என் செவியை நோக்குமாறு சாய்த்தார். “இப்போது வாசியுங்கள்” என்றார். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, தெளிவாக வந்தது! என்னையும் அறியாமல் என் விரலின் அழுத்தம் பாதியாகக் குறைந்தது. “ஐயா, இது எப்படித் தெரிந்தது?” என்று கேட்டேன். “வாள் பிடிக்கிறவன் மரத்தை அழுத்துவது எப்போது? பல் மழுங்கியபோதுதானே? வாள் அறுக்கட்டும், கை வழிகாட்டினால் போதும்” என்றார்.

இதன் காரணத்தைப் பின்னர் படித்து அறிந்தேன். நீண்ட அலைகள் எந்தத் தடையையும் சுற்றிக்கொண்டு எல்லாத் திசையிலும் பரவும். ஆனால் ஒரு சுரத்தை இன்னதென்று செவிக்கு அடையாளம் காட்டுகின்ற மேற்சுரங்களின் அலை குறுகியது. கை விளக்கின் ஒளியைப் போல அவை நேர்முகமாகவே செல்லும். தரையில் நின்ற பெட்டி உறுமலை எங்கும் பரப்பியது. தெளிவை என் காலுக்கு அளித்தது. நோய் கையில் தெரிந்தது. அதன் வேர் பெட்டியில் இருந்தது. கருவியின் ஒரு பாதியை மறந்துவிட்டு, அந்தப் பாதி செய்ய வேண்டிய வேலையையும் என் கையின்மேல் சுமத்தியிருந்தேன்.

வலி அன்றே மறையவில்லை. ஆறு வாரம் பிடித்தது. அக்காலத்தில் மற்றச் சிறிய திருத்தங்களையும் செய்துகொண்டேன். குறுகிய தோள்வாரை மாற்றி, நான்கு விரல் அகலமுள்ள வார் பூட்டினேன். பாரம் தோளில் பரவியது. வீணையில் தண்டி எனப்படுவது கிட்டாரில் கழுத்து எனப்படும். அதன் தலைப்பகுதி தரையை நோக்கித் தாழுமானால், இடக்கை வாசிக்கும் வேலையோடு தாங்கும் வேலையையும் செய்ய நேரிடும். வாரின் நீளத்தைச் சரிசெய்து, கழுத்து சற்று மேல்நோக்கி நிற்குமாறு அமைத்தேன். மணிக்கட்டை மடக்காமல் நேராக வைக்கப் பழகினேன். தந்திகளின் உயரத்தைச் சற்றுத் தாழ்த்தினேன். அரைமணிக்கு ஒருமுறை கையை இளைப்பாற விட்டேன். வலி என்பது உடல் எழுதும் கடிதம். படிக்காமல் மடித்து வைத்தால் அடுத்த கடிதம் கடுமையாக வரும்.

சுகம் தேடுவது சோம்பல் என்று சிலர் நினைக்கலாம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் 1962 டிசம்பரில் சேர்ந்த பில் வைமன் என்பவரை நோக்குங்கள். அவருடைய கைகள் சிறியவை. 1961-இல் பழைய, மலிவான பேஸ் ஒன்றை வாங்கி, அதன் உடலை அறுத்துச் சிறிதாக்கினார். தேய்ந்து சலசலத்த மெட்டுகளைப் பெயர்த்தெறிந்தார். புது மெட்டுகள் பதிக்க எண்ணியவர், மெட்டில்லாத ஒலி பிடித்துப்போகவே அப்படியே விட்டுவிட்டார். தம் கைக்கு இசையக் கருவியைத் திருத்தப் போனவருக்குப் புதியதொரு குரலே கிடைத்தது.

இன்று நிலைமை எவ்வளவோ எளிதாகிவிட்டது. 1969-இல் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட பெருங்கருவியில், 10 அங்குல ஒலிபெருக்கிகள் எட்டு அடங்கிய பெட்டியைத் தூக்க இருவர் வேண்டும். 1980களில் வந்த நியோடிமியம் காந்தத்தாலும், புதிய வகை மின்பெருக்கிகளாலும், அதே வேலையைச் செய்யும் பொருளை இப்போது ஒருவரே இரு கைகளில் எடுத்துச் செல்கிறார். ஆனால் பெட்டியின் முகத்தை எங்கே திருப்புவது என்பதை மட்டும் எந்தத் தொழிற்சாலையும் நமக்காக முடிவு செய்து தராது.

மாணவ நண்பர்களே, உங்களில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் சிலரே இருக்கலாம். ஆனால் நீங்கள் எல்லோரும் ஏதேனும் ஒரு கருவியோடு வாழ்நாளைக் கழிக்கப் போகிறவர்கள். எழுதுகோலோ, கணிப்பொறியோ, நுண்ணோக்கியோ, உளியோ, எதுவாயினும் சரி. அது உங்களை வருத்தும்போது இன்னும் அதிகமாக முயல வேண்டும் என்றே முதலில் தோன்றும். அப்பொழுது ஒரு கணம் நின்று, உங்களுக்கு எதிரே இருக்கும் பெட்டி யாரோடு பேசுகிறது என்று பாருங்கள். அது முழங்காலோடு பேசிக்கொண்டிருந்தால், ஒரு கட்டையை அடியில் செருகுங்கள்.

என் பெட்டி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அந்தத் தச்சர் இல்லை. அவர் செருகிய கட்டையை நான் எடுக்கவில்லை.